குளிர்கடலில் வைரஸ் தூங்குகிறதா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4, மாலை 6:10

ஃப்ரிட்ஜில் வைத்த பொருள் கெடுவதில்லை, ஏனென்றால் அங்கே நுண்ணுயிர் வேலை நின்றுவிடுகிறது. துருவக் கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி வரை குளிர்ந்து கிடக்கிறது. அங்கே வைரஸ் மட்டும் எப்படி வேலை செய்யும்? என்னைக் கேட்டால், குளிர்கடல் பிளாங்டனுக்கு, அதாவது நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களுக்கு, எதிரி என்றால் அதை மேய்கிற சின்ன உயிர்கள்தான். வைரஸ் வெப்பக் கடலின் கதை. சரிதானே?

பிப்ரவரி 4, இரவு 9:30

சரியில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் என்றீர்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை அப்புறம் எடுக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் பத்து லட்சம் பாக்டீரியா, அதைப்போல் பத்து மடங்கு வைரஸ். 1989இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மின்னணு நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்லும்வரை, கடலில் வைரஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பே பரவலாக இருந்தது. அந்த எண்ணிக்கை குளிர்நீரைப் பழகிய ஊரிலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள்.

நானும் எண்ணியிருக்கிறேன். ஆர்க்டிக் பனி விளிம்பில் ஆறு வாரம், கப்பலில். நீரை 0.02 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 நானோமீட்டர்) துளை கொண்ட வடிதாளில் இழுத்து, சைபர் கிரீன் சாயம் ஊறவிட்டு, இருட்டறையில் நீல ஒளியில் பார்க்க வேண்டும். பாக்டீரியா பச்சை உருண்டையாகத் தெரியும். அவற்றைச் சுற்றி, ஊசி முனையால் குத்தினாற்போல் பச்சைப் புள்ளிகள், பார்வை வட்டம் முழுக்க. எஞ்சின் அதிர்ந்தால் ஃபோகஸ் நழுவும், புள்ளிகள் மங்கி மறுபடி தெளியும். வெளியே பனிப்பாளம் கப்பலில் உரசுகிற சத்தம். அந்த நீரின் வெப்பநிலை மைனஸ் 1.2 டிகிரி. வேலை நின்றுபோன இடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 5, காலை 7:15

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. புள்ளிகள் நிறைய இருப்பது வேறு, அவை வேலை செய்வது வேறு. உறைந்த கிடங்கில் மூட்டைகள் அடுக்கியிருந்தால் வியாபாரம் நடக்கிறது என்று ஆகிவிடாது. ஆகவே வேலை நடப்பதைக் காட்டுகிறேன்.

மைக்ரோமோனாஸ் போலாரிஸ் என்று ஒரு பச்சைப் பாசி. இரண்டு மைக்ரானுக்கும் குறைவான ஒற்றைச் செல், ஒரே ஒரு சாட்டை, அதை ஆட்டிக்கொண்டு நீந்தும். ஆர்க்டிக்கின் மிதவைப் பாசிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. இதைத் தாக்கும் நான்கு வைரஸ்களைப் பிரித்தெடுத்து 2017இல் விவரித்தார்கள். துகள் சுமார் 120 நானோமீட்டர். செல்லுக்குள் போனதிலிருந்து புது வைரஸ்கள் வெளியே வரும் நேரம் மூன்றுக்கு 18 மணி, ஒன்றுக்கு 39 மணி. குளிர்நீரில் வாழும் பாசிக்கு இது ஒரு நாள், இரண்டு நாள் கணக்கு. மந்தம் என்று சொல்லலாமே தவிர, நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

என் கையால் செய்ததும் உண்டு. 4 டிகிரி குளிர் அறையில் இரண்டு குடுவை. இரண்டும் இளம்பச்சை, வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய மூடுபனி மாதிரி. ஒன்றில் வைரஸ் கரைசல் சில துளி. முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாள் காலை கதவைத் திறந்தபோது ஒன்றின் வழியாகப் பின்னால் ஒட்டியிருந்த லேபிள் எழுத்து படிக்க வந்தது. மற்றதில் வரவில்லை. அவ்வளவுதான் காட்சி. குடுவைக்குள் கோடிக்கணக்கான செல்கள் உடைந்து கரைந்துபோயிருந்தன, நீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

பிப்ரவரி 5, காலை 7:40

விட்டுப்போனது: அந்த 2017 ஆய்வில் வெப்பம் கூட்டியபோது உள்ளிருக்கும் நேரம் 50 சதவீதம் வரை குறைந்தது, ஒரு செல்லிலிருந்து வெளிவரும் வைரஸ் 40 சதவீதம் வரை கூடியது. குளிர் வேகத்தைக் குறைக்கிறது என்ற உங்கள் உள்ளுணர்வு இந்த அளவுக்குச் சரி.

பிப்ரவரி 8, இரவு 11:05

கேள்வி கேட்டவர் விடவில்லை, நல்லது. "அப்படியானால் துருவக் குளிர்காலத்தில்? மாதக்கணக்கில் வெயிலே இல்லை, பாசி வளரவில்லை, பாக்டீரியா பட்டினி. வைரஸ் யாரை உடைக்கும்?" என்கிறார்.

இதுதான் மையமான கேள்வி. வைரஸுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. அது உள்ளே புகுந்து பெருகும் உயிர், அதாவது ஓம்புயிர், அதன் கடிகாரம்தான் வைரஸின் கடிகாரம். புரதம் செய்யும் எந்திரமும் அதற்கு வேண்டிய சக்தியும் ஓம்புயிருடையவை. ஓம்புயிர் சோர்ந்தால் வைரஸும் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்க இரண்டு வழி. ஒன்று, வெளியே நீரில் மிதப்பது. மேல்மட்ட நீரில் வைரஸை வேகமாகக் கெடுப்பது வெயிலின் புற ஊதா ஒளி, வெப்பமும் உதவும். இருட்டும் குளிரும் சேர்ந்தால் அது நெடுநாள் தாக்குப்பிடிக்கும். நான் முதலில் ஒத்துக்கொண்ட ஃப்ரிட்ஜ் பாதி இதுதான். ஃப்ரிட்ஜ் வேலையை மெதுவாக்கும், கூடவே பொருளைக் காப்பாற்றியும் வைக்கும். நீங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொரு வழி, பாக்டீரியாவின் மரபணுவுக்குள்ளேயே தன் மரபணுவைச் செருகிக்கொண்டு பேசாமல் இருப்பது. பாக்டீரியா பிரிந்தால் இதுவும் கூடவே நகலாகும், கொல்லாது. அண்டார்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வசந்தத்திலிருந்து கோடைக்கு மாறும் காலத்தில் பார்த்து, 2016இல் வெளியிட்டார்கள்: அங்கே இந்தப் பதுங்கும் வகைதான் ஆதிக்கம். பாக்டீரியா உற்பத்தி ஏற ஏற, பதுங்கியிருந்தவை உடைக்கும் வழிக்கு மாறுகின்றன. வெப்பக் கடல் வைரஸ் கூட்டத்திலிருந்து தென்கடல் கூட்டம் மரபணுவில் தனியாக நிற்பதற்கும் முக்கியக் காரணம் இந்தப் பதுங்கும் குணமே என்கிறார்கள்.

ஆகவே தலைப்புக்குப் பதில்: குளிர்காலத்தில் பாக்டீரியாவின் வைரஸ்களைப் பொறுத்தவரை "தூங்குகிறது" என்ற சொல் பொருந்துகிறது. அதற்குக் காரணம் வெப்பமானியா, ஓம்புயிரின் பசியா என்பதில்தான் உங்களோடு வேறுபடுகிறேன். வசந்தத்தில் அந்த நீர் அப்படியொன்றும் சூடாகிவிடுவதில்லை. வெயில் வருகிறது, பாசி பெருகுகிறது, பாசி கசியவிடும் சர்க்கரையைத் தின்று பாக்டீரியா எழுகிறது, பின்னாலேயே வைரஸ்.

பிப்ரவரி 9, மதியம் 1:20

முதல் குறிப்பைத் திருத்த வேண்டும். பச்சைப் புள்ளி எல்லாம் வைரஸ் என்ற தொனியில் எழுதிவிட்டேன். அப்படி இல்லை. பாக்டீரியா தன் சவ்விலிருந்து கிள்ளி வெளியே விடும் நுண்பைகள் உண்டு. சிலவற்றில் டி.என்.ஏ. இருக்கும், சாயம் ஏறும், புள்ளியாகத் தெரியும். 2014 வாக்கில் கடலில் இவை ஏராளம் என்று தெரிந்தபின், பழைய எண்ணிக்கைகளில் எவ்வளவு நுண்பை என்ற கேள்வி வந்தது. என் ஆறு வார நோட்டுப் புத்தகத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பிழை இருக்கிறது. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் மிகச் சிறியவை, சாயத்தில் மங்கலாகவே ஒளிரும், பெரும்பாலும் கணக்கில் விழாது. சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசிகளான டயாட்டம்களைத் தாக்குபவற்றில் பல அந்த வகை. குளிர்கடலின் பெரிய உற்பத்தியாளரே டயாட்டம்தான். அதைக் கொல்லும் வைரஸே நம் எண்ணிக்கையிலிருந்து நழுவுகிறது என்றால் எவ்வளவு பெரிய ஓட்டை, யோசித்துப் பாருங்கள். டயாட்டத்தைத் தாக்கும் வைரஸ் ஒன்றை ஜப்பான் கடற்கரை நீரிலிருந்து தனியாக வளர்த்து விவரித்ததே 2004இல்தான்.

மூன்றாவது பிழை என் கையாலேயே நடந்தது. ஒரு பருவம் முழுக்க, பாக்டீரியாவை விலக்க நீரை 0.2 மைக்ரான் வடிதாளில் வடித்து, வடிந்த நீரில்தான் பாசி வைரஸைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காததைக் குளிரின் கணக்கில் எழுதினேன். பிறகுதான் உறைத்தது: பாசிகளின் ராட்சத வைரஸ்கள் சில கிட்டத்தட்ட 0.2 மைக்ரான் பருமன். நான் தேடியது வடிதாளின் மேலேயே உட்கார்ந்திருந்தது, வடிதாளைத் தினமும் குப்பையில் போட்டது நான். மறுபருவம் 0.45 மைக்ரானுக்கு மாறிய முதல் வாரத்திலேயே ஒரு குடுவை தெளிந்தது. அந்த முதல் பருவத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. குளிர்கடலில் வைரஸ் குறைவு என்று யாராவது சொன்னால், எந்த வடிதாள் என்று முதலில் கேட்பது அதனால்தான்.

பிப்ரவரி 14, இரவு 10:15

கண்ணால் பார்க்கிற அளவில் உதாரணம் வேண்டும் என்றார் ஒருவர். இருக்கிறது, விண்வெளியிலிருந்தே தெரியும்.

எமிலியானியா ஹக்ஸ்லேயி. ஐந்து மைக்ரான் பாசி, உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்புத் தட்டுகளை அடுக்கிக்கொள்ளும். கோடையில் வட அட்லாண்டிக்கிலும் பேரன்ட்ஸ் கடலிலும் இது பெருகினால், கடல் பால் கலந்த நீலப்பச்சையாக மாறும். செயற்கைக்கோள் படத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சுழிசுழியாகத் தெரியும். அப்புறம் திடீரென்று கலைந்துவிடும். சத்து தீர்ந்ததால் என்றுதான் முன்பு விளக்கம் சொன்னார்கள். 1990களில் பெர்கன் அருகே கடல் கழியில் பெரிய பைகளைத் தொங்கவிட்டு, உள்ளே இந்தப் பாசியைப் பெருகவிட்டுப் பார்த்தபோது, பெருக்கம் விழும் நேரமும் வைரஸ் ஏறும் நேரமும் ஒன்றாக இருந்தன.

1999இல் ஆங்கிலக் கால்வாயில், சரிந்துகொண்டிருந்த பெருக்கத்திலிருந்து பிரித்த அந்த வைரஸின் மரபணுவை 2005இல் படித்து முடித்தார்கள். சுமார் 4,07,000 எழுத்து. அதில் ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பைச் செய்யும் மரபணு வரிசையே இருக்கிறது, ஒரு வைரஸில்! அந்தக் கொழுப்பு பாசியின் தற்கொலைப் பொறியைத் தட்டிவிடுகிறது. பாசி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் நேரத்தை வைரஸ் தன் வசதிக்குத் திருப்பிக்கொள்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாசியும் சும்மா இல்லை. அதற்கு இன்னொரு உருவம் உண்டு: குரோமோசோம் ஒரு தொகுதி மட்டும், சுண்ணாம்பு இல்லை, சாட்டையால் நீந்தும். இந்த உருவத்தை அந்த வைரஸ் தொடமுடிவதில்லை என்று 2008இல் காட்டினார்கள். கூட்டம் செத்துக்கொண்டிருக்கும்போதே சில செல்கள் இப்படி உருமாறித் தப்பிவிடுகின்றன.

பிப்ரவரி 14, இரவு 10:50

ஃபியோசிஸ்டிஸையும் சேர்க்க வேண்டும். துருவக் கடல்களின் இன்னொரு பெரிய பாசி. தனிச் செல்லாகவும் இருக்கும், தோல் போர்த்திய பசைக் கூட்டமாகவும் இருக்கும். தனியாகத் திரிந்தால் வைரஸிடம் அகப்படும், கூட்டத்துக்குள் இருந்தால் பெரிதும் தப்பும். கூட்டம் சேர்வது மேய்கிறவர்களிடமிருந்து தப்பத்தான் என்று படித்தவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

பிப்ரவரி 20, காலை 6:30

கடற்பனி பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிப் படிகத்துக்குள் போகாது. மீதி நீரில் சேர்ந்து, பனிக்குள் மயிரிழைக் கால்வாய்களில் அடர்ந்த உப்புநீராகத் தங்கும். பாக்டீரியா, பாசி, வைரஸ் எல்லாம் அந்த இழைகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். திறந்த கடலில் ஒரு வைரஸ் தன் ஓம்புயிரில் முட்டுவது தற்செயல், நீர் அவ்வளவு விசாலம். பனிக்குள் இடம் சுருங்கிவிடுவதால் முட்டும் வாய்ப்பு பல மடங்கு. குளிர் கூடக் கூட இழை இன்னும் சுருங்கும், நெருக்கம் இன்னும் கூடும். அதாவது குளிரே இங்கே வைரஸுக்கு வழி செய்துகொடுக்கிறது. ஆர்க்டிக் குளிர்காலப் பனியின் உப்புநீரை மைனஸ் 12 டிகிரியில் வைத்துப் பார்த்தவர்கள், புது வைரஸ் உண்டாவதைக் கண்டிருக்கிறார்கள். மைனஸ் 12! உங்கள் ஃப்ரிட்ஜை அல்ல, ஃப்ரீசரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனித்தண்டு ஒன்றைத் துளைத்தெடுத்து மேசையில் கிடத்தினால், அடி முனையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறம் தெரியும். அது டயாட்டம். கத்தியால் வெட்டும்போது உப்புநீர் ஒழுகிவிடும், அதனால் வேகமாக வெட்டுவோம். ஒழுகிய நீரில்தான் நமக்கு வேண்டியது பாதி இருந்திருக்கும்.

மார்ச் 1, இரவு 9:00

கொல்கிறது, உடைக்கிறது என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். திரும்பப் படித்தபோது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பட்டது.

பாசியை ஒரு இறால்குஞ்சு தின்றால் அந்தச் சத்து மேலே போகும், மீனுக்கு, திமிங்கலத்துக்கு. வைரஸ் உடைத்தால் சத்து கரைந்து நீரிலேயே தங்கும். பாக்டீரியா தின்னும், மறுபடி பாசிக்கு உரமாகும். இந்தக் குறுக்கு வழிக்கு 1999இல் தனிப் பெயரே வைத்தார்கள். உலகக் கடல் முழுவதும் வைத்துப் பார்த்தால், நுண்ணுயிர் நிறையில் சுமார் 20 சதவீதத்தை வைரஸ் தினமும் உடைக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

தென்கடலில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. அங்கே நைட்ரஜன் தாராளம், இரும்பு பஞ்சம். செல் உடையும்போது உள்ளே இருந்த இரும்பு, பக்கத்துச் செல் எடுத்துக்கொள்ளும் வடிவில் வெளியே வருகிறது. சாகிற செல்லின் இரும்பில்தான் அடுத்த செல் வளர்கிறது.

சரி, பஞ்சத்தில் இருக்கும் பாசி வைரஸிடம் சுலபமாக மாட்டுமா? மாட்டும் என்று நானே ஒரு காலத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சிலிக்கான் குறைந்த கலிஃபோர்னியக் கரையோர நீரில் டயாட்டம்கள் அப்படித்தான் வேகமாகச் செத்தன, அது 2019 ஆய்வு. ஆனால் 2021இல், இரும்பு குறைந்த வடகிழக்குப் பசிபிக்கில் அதே குழு பார்த்தபோது நேர்மாறு: வைரஸ் தாக்குதலும் சாவும் குறைந்தன. இரும்பு இல்லாமல் செல்லின் எந்திரமே மந்தமாகிவிட்டால் வைரஸ் தன் நகலை எதை வைத்துச் செய்யும்? பிப்ரவரி 8 அன்று கடிகாரம் என்று எழுதினேனே, அதேதான். எந்தச் சத்து குறைகிறது என்று கேட்காமல் "பலவீனமானது மாட்டும்" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

மார்ச் 2, காலை 8:10

பாசி வைரஸ் மனிதனைத் தாக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கவலை வேண்டாம். ஒவ்வொரு வைரஸுக்கும் குறிப்பிட்ட ஓம்புயிர்தான், பல நேரம் ஒரே இனத்தின் சில வகைகள் மட்டுமே.

மேய்கிறவர்கள்தான் எதிரி என்ற முதல் கேள்விக்கு இங்கே ஒரு சுவையான முடிச்சு இருக்கிறது. ஹக்ஸ்லேயியின் வைரஸ், பாசியை மேயும் கோப்பிபாட் என்ற சின்ன ஓட்டுயிர்களின் குடலில் கிடைத்திருக்கிறது, வெளியே வந்தபின்னும் தாக்கும் திறனோடு. மேய்கிறவரே வைரஸைச் சுமந்துபோய் அடுத்த கூட்டத்தில் விடுகிறார்.

மார்ச் 3, மாலை 5:45

ஒரு காரியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. என் குளிர் அறை அலமாரியின் பின்வரிசையில், மைக்ரோமோனாஸ் வைரஸ் கரைசல் ஒரு குப்பி, அலுமினியத் தாள் சுற்றி, 4 டிகிரியில், 11 மாதமாகக் கிடக்கிறது. இன்று மூன்று குடுவைப் பாசி எடுத்தேன். ஒன்றில் அந்தப் பழைய கரைசல் ஒரு மில்லி. இரண்டாவதில் அதே கரைசலைக் கொதிக்கவைத்து ஆறியபின் ஒரு மில்லி. மூன்றாவதில் பாசி வளர்க்கும் வெறும் ஊடக நீர். பார்ப்போம்.

மார்ச் 6, காலை 7:00

மூன்றும் பச்சை.

மார்ச் 7, இரவு 10:30

காத்திருக்கும் நேரத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்டார்டிகாவின் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளில் ஆர்கானிக் ஏரி என்று ஒன்று. ஒரு காலத்தில் கடலாக இருந்து துண்டிக்கப்பட்ட நீர். அங்கே பாசியைத் தாக்கும் பெரிய வைரஸ் இருக்கிறது, அந்தப் பெரிய வைரஸையே ஒட்டுண்ணியாகத் தாக்கும் சின்ன வைரஸும் இருக்கிறது. 2011இல் கண்டுபிடித்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், சின்னது பெரியதை அடக்குவதால் பாசிப் பெருக்கம் இன்னும் அடிக்கடி வரும் என்று வந்தது. பகைவனின் பகைவன்!

இன்னொன்று: தாரா என்ற ஆய்வுக் கப்பல் சேகரித்த நீரைத் துருவம் முதல் துருவம் வரை ஆராய்ந்து 2019இல் 1,95,728 வகை டி.என்.ஏ. வைரஸ் கூட்டங்களைப் பட்டியலிட்டார்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம்தான் வகை அதிகம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆர்க்டிக்கும் வகை மிகுந்த இடமாக வந்து நின்றது.

மார்ச் 8, காலை 7:05

முதல் குடுவை கொஞ்சம் வெளிறியிருக்கிறது. என் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்று செல்களை எண்ணினேன். நேற்றைவிடப் பாதிக்கும் கீழே.

மார்ச் 8, மாலை 6:20

"கடல் சூடானால் வைரஸ் ஜெயித்துவிடுமா?" பிப்ரவரி 5 அன்று நான் தந்த 50 சதவீதம், 40 சதவீதத்தை வைத்துக் கேட்கிறார். அந்த இரண்டு எண்ணுக்கும் பின்னால் "வரை" என்ற சொல் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வைரஸுக்கு வைரஸ், பாசி வகைக்கு வகை, விளைவு மிகவும் மாறியது என்று அதே ஆய்வு சொல்கிறது. தவிர, சூடு ஏறினால் பாசியும் வேகமாகப் பிரியும், வெளியே மிதக்கும் வைரஸ் சீக்கிரம் கெடும், பனி குறைந்தால் வெயில் அதிகம் இறங்கும். ஒரே திசையில் அம்புக்குறி போட எனக்குத் துணிச்சல் இல்லை.

மார்ச் 9, காலை 7:00

முதல் குடுவை தெளிந்துவிட்டது. பின்னால் ஒட்டிய லேபிளில் தேதி படிக்க வருகிறது. அடியில் வெளிர்ந்த தூசி மாதிரி கொஞ்சம் படிவு. கொதிக்கவைத்த கரைசல் போட்டதும், வெறும் ஊடக நீர் போட்டதும் அதே இளம்பச்சை, எண்ணிக்கையில் சற்று ஏறியிருக்கின்றன. தெளிந்த நீரை 0.45 மைக்ரானில் வடித்துப் புதுக் குப்பியில் ஊற்றி, தாள் சுற்றி, இன்றைய தேதி எழுதி அதே அலமாரியில் வைத்துவிட்டேன்.